கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



2004 டிசம்பர் 26-ஐ நாம மறக்க முடியாது. காலை ஆறரை மணிவாக்கில் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நிலநடுக்கம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலை நம்ம கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் இறந்துபோனாங்க.

சாதாரண அலை காற்றால் வருவது. மேல் தண்ணீர்தான் ஆடும். சுனாமி அப்படியில்லை. கடலின் தரை திடீர்னு உயரும்போது அடி முதல் மேல் வரை மொத்தத் தண்ணீரும் நகரும். 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகம். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறையும், வேகமும் குறையும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் உள்ளவங்க நின்னுட்டா பின்னால் வர்றவங்க நெருக்கியடிப்பாங்க இல்லையா? அதுபோலத் தண்ணீர் குவிந்து உயரும்.

அலைக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. பள்ளம் முதலில் வந்தால் கடல் உள்வாங்கும். மீன் கிடக்குது, சிப்பி கிடக்குதுன்னு பிள்ளைகள் ஓடும். விடாதீங்க! பின்னாலேயே மேடு வருது. உள்வாங்காமலும் சுனாமி வரலாம். கரையில் நிலம் பலமா, நீண்ட நேரம் ஆடினாலும் கிளம்பிடணும். முதல் அலையோடு முடியாது. பாஸ்புக், நகை எடுக்கத் திரும்பாதீங்க.

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குது. தகவல் வந்தால் எங்கே ஓடுவது? கடலோரக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே முடிவு பண்ணுங்க. மேடான இடம் எது, வயசானவங்களையும் கர்ப்பிணிகளையும் யார் கூட்டிப்போவதுன்னு தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.