ரேகைச் சட்டத்திலிருந்து உபா சட்டம் வரை
(தேனியில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயங்கரவாதத்தைப் பற்றிப் பேசாத மேடை இன்று இல்லை. ஆனால் ஓர் இளைஞன் ஏன் குண்டைத் தூக்குகிறான், தூக்கிய பிறகு சர்க்கார் என்ன செய்கிறது, அதில் அடிபடுவது யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நாம் கேட்போம். ஒரு கூட்டத்தையே குற்றவாளி என்று முத்திரை குத்தினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு யாரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளை ஏகாதிபத்தியம் 1871ல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. நம் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். திருடினானா இல்லையா என்ற விசாரணையே கிடையாது. பிரமலைக் கள்ளர் வீட்டில் பிறந்தாலே போதும். ரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் "மாட்டோம்" என்றார்கள். 1920 ஏப்ரல் 3ம் தேதி போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். அந்த மக்களுக்காக வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள்.

இத்தனை கொடுமையால் திருட்டு ஒழிந்ததா? இல்லை! உழுது பிழைக்கப் போகிறவனையும் ராத்திரி அடைத்துவைத்தால் அவன் வயலுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது? நேர்மையாக வாழ நினைத்தவனையும் சட்டமே விரட்டியது. முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி, ஜானகி அம்மாள் போன்றோரும் மக்களும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகுதான் 1947ல் நம் மாகாணத்தில் அது ஒழிந்தது.

வெள்ளைக்காரன் போய்விட்டான். அந்தப் பார்வை போயிற்றா? கோயம்புத்தூரைப் பாருங்கள். பஞ்சாலைகள் நலிந்து, சங்கம் பலமிழந்து, வேலையற்ற வாலிபர்களை மதவெறிக் கும்பல்கள் இரு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த காலம். 1997 நவம்பர் 29ம் தேதி ஒரு போக்குவரத்துக் காவலரைச் சிலர் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களைப் பிடித்துக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும். நடந்தது என்ன? மறுநாள் முஸ்லிம் மக்களின் கடைகள் சூறையாடப்பட்டன. கலகத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தார்கள். சிலர் செய்த கொலைக்கு ஒரு சமூகமே விலை கொடுத்தது. அந்த ரணத்தின் மேல்தான் அல் உம்மா கும்பல் தன் விஷத்தைத் தடவியது. "சட்டம் உனக்கு இல்லை, சங்கம் உனக்கு இல்லை, குண்டுதான் உனக்கு" என்ற பிரச்சாரத்துக்குக் காது கிடைத்தது. 1998 பிப்ரவரி 14ம் தேதி நகரெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள். ஆஸ்பத்திரி வளாகத்தில்கூடக் குண்டு வைத்தார்கள், பாவிகள்! நவம்பரில் பட்ட அநியாயம் பிப்ரவரியில் செய்த கொலைபாதகத்துக்கு நியாயம் ஆகாது. ஆனால் எப்படி நேர்ந்தது என்று தெரியாதவன் அடுத்ததை எப்படித் தடுப்பான்?

அந்த வழக்கில் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள், அது சரி. ஆனால் கேரளத்து மதானியோ ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்து, 2007ல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடல்ல. அந்த ஒன்பது ஆண்டை யார் திருப்பித் தருவது?

குண்டு வெடித்தால் சர்க்கார் ஒரு சட்டம் போடும். 1985ல் தடா வந்தது. பத்தாண்டில் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். நூற்றுக்கு இரண்டு பேர்மீதுகூடக் குற்றம் நிரூபணமாகவில்லை. 2002ல் பொடா வந்தது. நமக்குப் பக்கத்துத் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோவை ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைத்துவைத்தார்கள். 2004ல் பொடா போயிற்று. அதன் பல்லைப் பிடுங்கி, 1967ம் ஆண்டின் பழைய உபா சட்டத்துக்குக் கட்டிவிட்டார்கள். 2008ல் ஜாமீன் கிடைப்பதும் குதிரைக்கொம்பாயிற்று. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை 2020ல் இந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். கை நடுங்கும் நோயாளி. தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் கேட்டார். அதற்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று! 2021 ஜூலை 5ம் தேதி, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே செத்தார்.

நம் மலைக்கும் துப்பாக்கி வந்தது, தோழர்களே. 2007ல் பெரியகுளத்துக்கு அருகே முருகமலைக் காட்டில் மாவோயிஸ்டுகள் என்று மூவரைப் போலீஸ் பிடித்தது. மறு ஆண்டு கொடைக்கானல் மலையில் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏழையின் துயரத்தைப் பார்த்துக் கொதித்த வாலிபர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியால் திராட்சைத் தோட்டத்தில் கூலி ஒரு ரூபாய் கூடியதா? காட்டில் துப்பாக்கி தெரிந்தால் முதலில் சோதனைக்கு நிற்பவள் விறகு பொறுக்கப் போகிற பெண். அடுத்து நிற்பவன் பளியர் வீட்டுப் பிள்ளை. கூலி கேட்டு ஊர்வலம் போகிறவனையும் "தீவிரவாதி" என்று சொல்ல மிராசுதாருக்கும் ஆலை முதலாளிக்கும் வசதியாகிவிடுகிறது.

ஆகவே ஆலையிலும், விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப்பிலும், குமுறுகிற வாலிபனைக் கண்டால் போலீசுக்குக் காட்டிக்கொடுக்காதீர்கள். ஆசாமி எவனோ ரகசியமாக வந்து பேசவும் விட்டுவிடாதீர்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். அவன் கோபத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. குண்டு வைத்தவனைச் சாட்சியத்தோடு பிடி, சாதாரணச் சட்டத்தில் விசாரி, அவன் தெருவைத் தொடாதே என்று சர்க்காரிடம் கேட்கிறோம். உபா சட்டத்தை ரத்துச் செய்யக் கோரும் மனு மேடைக்குக் கீழே மேஜையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் ரேகை வைக்கலாம்.