கட்டியவர் பெயரும் காப்பவர் கடமையும்

(ஆலய ஆண்டு விழாவில் நிர்வாகக் குழு உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆற்றிய உரை)



நான் வளர்ந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். லயத்துக்கு மேலே, ஓடையை மறித்து மண்கரை போட்ட குளம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் கங்காணியார் தினமும் ஓர் ஆளைக் கரைக்கு அனுப்புவார். அவர் புல் வெட்டுவார். எலி வளைகளை அடைப்பார். மிகைநீர் போகும் வாய்க்காலில் சருகு சேராமல் பார்ப்பார். பிறகு தோட்டம் கைமாறியது. கரையை யார் பார்ப்பது என்று என் தந்தையார் கேட்டபோது, பழைய முதலாளியும் புதிய முதலாளியும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். ஒரு மழையிரவில் கரையின் அடியில் கலங்கல் நீர் கசிந்தது. லயத்து ஆட்களே வாய்க்காலை வெட்டி அகலமாக்கி நீரை இறக்கினார்கள். அன்று விடியும்வரை அம்மா எங்களைத் தூங்கவிடவில்லை.

கரை யாருடையது என்ற அந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறிய கேள்விதான். இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி அமைத்த நீர்த்தேக்கம் உடைந்து, பிளெச்சர் என்பவரின் சுரங்கத்தில் நீர் புகுந்தது. வேலையைச் செய்தவர்கள் ஒப்பந்தக்காரர்களே. ஆனாலும் தேக்கி வைத்தவரே பொறுப்பு என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

அடுத்த வழக்கு நம் பக்கத்தது. அன்றைய சென்னை மாகாணத்துக் கார்வேட்டிநகரம் ஜமீனில் கனமழையில் ஏரிகள் உடைந்து, ரயில்பாதை சேதமானது. ரயில் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1874இல் பிரிவி கவுன்சில், ஜமீன்தார் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்றது. ஏன்? அவை தொன்றுதொட்டு வந்த ஏரிகள். அவற்றை நம்பிப் பல குடிகள் வாழ்ந்தன. அவற்றை அழிக்க அவருக்கு உரிமையில்லை, காக்கும் கடமையே உண்டு. அந்தக் கடமையில் அவர் தவறவில்லை என்பதாலேயே தப்பினார். ஆகவே, உரிமை என்பது இங்கே அனுபவிப்பதற்கு மட்டுமன்று, பராமரிப்பதற்கும்தான்.

பராமரிப்புப் பெரிய வித்தையன்று. மண்கரைக்கு முக்கியமான பகை இரண்டு. கலிங்கு அடைபட்டால் நீர் கரைமேல் ஏறி மண்ணை அரித்துவிடும். வளை வழியாகவோ மக்கிய வேர் வழியாகவோ உள்ளே நீர் புகுந்தால் கரை குடைபடும். கசிவு தெளிவாக இருந்தால் கவனியுங்கள். கலங்கலாக வந்தால் கீழே இருப்பவர்களை உடனே வெளியேற்றுங்கள். 2018 மே 9 அன்று கென்யாவின் சொலாய் என்ற ஊரில் தனியார் பண்ணை அணை ஒன்று இரவில் உடைந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமக்கும் 2017 நவம்பர் மழை மறக்கவில்லை. பினாங்கு மலைச்சரிவில் தோட்டமும் குளமும் வைத்திருப்போர், தம் கரையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைக் கேட்க வேண்டும்.

ஆலய மேடையில் குளத்துக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தருமம் செய்த பல மன்னர்கள், அதைப் பிற்காலத்தில் காப்பவரின் பாதங்களைத் தம் தலைமேல் தாங்குவதாகக் கல்லில் எழுதி வைத்தார்கள். கொடுத்தவர் காப்பவரை வணங்குகிறார்!

நம் அறவாரியத்திலோ, மண்டபம் கட்ட உபயம் கேட்டால் பலர் முன்வருகிறார்கள். கூரைச் சாக்கடையைச் சுத்தம் செய்யவும் மதிலின் விரிசலைப் பூசவும் கேட்டால் கூட்டம் குறைகிறது. அதில் பெயர்ப்பலகை இல்லை அல்லவா? எனவே என் வேண்டுகோள் இதுதான்: இனி எந்தக் கட்டடத்துக்கு உபயம் தந்தாலும் அதன் பராமரிப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள், யார் பார்ப்பது என்பதையும் ஏட்டில் எழுதி வையுங்கள்.

எல்லாம் வல்ல தண்ணீர்மலையான் துணை நிற்பானாக.