பூச்சியுண்ணும் செடியும் மருந்தேந்தும் பசையும்



காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவின் வயல்களில் நாற்று நட்டவர்களும், வாய்க்கால்களில் பாசி வாரியவர்களும் நம்மவர்களே. பாசியென்று வாரிக் கரையில் எறிந்தவற்றுள் பாசியல்லாத ஒன்றும் கலந்திருக்கக் கூடும். யூட்ரிகுலேரியா என்பது அதன் பெயர். வேரில்லை, தேங்கிய நன்னீரில் மிதக்கும், மஞ்சள் நிறப் பூ நீருக்கு மேலே தலைநீட்டும். குளத்து நீரை மொண்டு குடிக்கவே 1927ஆம் ஆண்டு மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் அறப்போர் நடத்த வேண்டியிருந்த நாடு இது. அந்நீரில் வாழ்வதை நுண்ணோக்கி வைத்து ஆராயும் உரிமையும் நமக்குண்டு என்பதனாலேயே இப்பொருளைத் தேர்ந்துகொண்டோம்.

இச்செடியின் இழைகளில் கடுகளவான பைகள் உள்ளன. பைக்குள் இருக்கும் நீரைச் செடி வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பையின் சுவர்கள் உட்குழிந்து, இழுத்துப் பிடித்த வில்லைப்போல் விறைத்து நிற்கும். வாயிலில் ஒரு கதவு. கதவில் சில மயிர்கள். நீர்ப்பூச்சி ஒன்று அம்மயிரைத் தீண்டியவுடன் கதவு மடங்கித் திறக்கிறது, சுவர் விரிகிறது, நீரோடு பூச்சியும் உள்ளே போய்விடுகிறது. இவ்வளவும் ஆயிரத்திலொரு நொடிக்குள் முடிந்துவிடுவதை 2011இல் அதிவேகப் படக்கருவி கொண்டு அளந்தார்கள். தசையும் இல்லை, நரம்பும் இல்லை. வளைந்த சுவரின் இழுவிசை ஒன்றே இவ்வேலையைச் செய்கிறது.

ட்ரோசிரா செய்வது வேறு தந்திரம். அழுகண்ணி என்று நாட்டு மருத்துவர் சிலர் சொல்வதும் இதனையே. இதன் இலைமயிர்களின் நுனியில் பனித்துளிபோல் மின்னுவது பசை. அதில் பெரும்பகுதி தண்ணீரே. ஆயினும் சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாய்க் கோத்துக் கிடப்பதால், இழுத்தால் அறாமல் நூலாக நீளும். சார்லசு டார்வின் 1875இல் இத்தகைய செடிகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

இத்தகைய சங்கிலிச் சேர்மத்தைப் பாலிமர் என்பர். நம் வீட்டுப் புளியங்கொட்டையிலும் ஒன்றுண்டு. நெசவாளர் பாவுக்குக் கஞ்சியாக அறிந்த பொருள்தான். அது கண்ணின் ஈரப்படலத்தில் ஒட்டிக்கொள்வதால், கண்ணீரில் எளிதில் கழுவுண்டு போவதில்லை. இப்பசை சேர்ந்த சொட்டு மருந்துகள் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்துள்ளன. அதன் கிளைகளிலுள்ள கேலக்டோசு என்னும் சர்க்கரையில் ஒரு பகுதியை நொதியால் நீக்கிவிட்டாலோ, குளிர்ச்சியில் நீர்மமாயிருப்பது உடற்சூட்டில் கூழாய் உறைகிறது. உள்ளே கலந்த மருந்து அக்கூழிலிருந்து சிறுகச் சிறுகக் கசியும். நாளுக்குப் பலமுறை மருந்துண்ண நேரமற்ற கூலித் தொழிலாளிக்கு இது எவ்வளவு உதவும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சியுண்ணும் செடியைப் பார்த்துத்தான் இம்மருந்து பிறந்தது என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். ஒட்டும் பசையின் இயல்பு இரண்டிடத்தும் நெருங்கியது, அவ்வளவே.

மேனிலை வகுப்பில் அறிவியல் பிரிவு நமக்கு எதற்கு என்று தயங்கும் பிள்ளைகளே, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் அருட்தந்தை மேத்யூ தொடங்கிய ராப்பினாட் உலர் தாவரகம் இருக்கிறது. கேட்டுச் சென்று பாருங்கள். அதற்குமுன், ஊர்க்குட்டையில் அந்த மஞ்சட்பூ தென்பட்டால் ஓர் இழையை வெள்ளைக் கிண்ணத்து நீரிலிட்டு உருப்பெருக்கியால் நோக்குங்கள். இரை விழுங்கிய பைகள் கறுத்திருக்கும். எத்தனை என்று எண்ணி, நாளும் இடமும் குறித்து நம் படிப்பகத்துக்குக் கொண்டுவாருங்கள்.