பெல்ட் வண்டியா, டயர் வண்டியா?

காவிரி டெல்டாவில் குறுவை நெல் அறுவடை நேரம் பார்த்துத்தான் ஐப்பசி மழையும் வரும். வயலில் ஈரம் இருந்தால் டயர் வைத்த அறுவடை வண்டியைக் கூப்பிடாதீர்கள். சக்கரம் புதையும், மண் இறுகும். பெல்ட் வண்டிக்கு மணி வாடகை கூடுதல்தான். ஆனால் எடை அகலமான ரப்பர் பட்டையில் பரவுவதால் சேற்றிலும் இறங்கி அறுக்கும். தரை காய்ந்திருந்தால் டயரே போதும்.

முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் விழுந்த வைக்கோலை ஒரு கை அள்ளி உதறிப் பாருங்கள். நல்ல மணிகள் உதிர்ந்தால் காற்றையும் சல்லடையையும் சரிசெய்யச் சொல்லுங்கள், வேகத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். பயிர் சாய்ந்திருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். மணிக்கணக்கு வாடகை என்று ஓட்டுநரை விரட்டாதீர்கள். சிந்துவது உங்கள் நெல். நெல்லின் ஈரத்தையும் கவனியுங்கள்: கொள்முதல் நிலையத்தில் ஏற்கும் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதம் வரைதான். அதனால் பனி உலர்ந்த பிறகே அறுவடையைத் தொடங்குங்கள்.