ஊரைக் கேட்காமல் பாய்லரா?

(ஜெகதாப்பட்டினத்தில் மீனவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பந்தலுக்குள் நுழையும்போதே ஒரு தாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏன் தம்பி, மரத்தை எரிச்சுக் கரண்டு எடுக்குற பாய்லராமே, அதெல்லாம் இந்தக் கரைக்கு வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். மனுப் போடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடிய விஷயமல்ல இது. மனுப் போட்ட பிறகு உங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே முன்கூட்டியே பேச வேண்டியிருக்கிறது.

பாய்லர் என்ற பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். அறந்தாங்கிப் பக்கத்து நெல் ஆலைகளில் நெல் அவிக்க நீராவி எடுக்கிறார்களே, அதுவும் பாய்லர்தான். என் தகப்பனார் அப்படியொரு ஆலையில் அடுப்புக்கு உமி தள்ளி எங்களை வளர்த்தவர். அந்த ஆலை தன்னிடம் அரைத்த நெல்லின் உமியைத் தானே எரித்தது. வெளியில் போய் விறகு தேடவில்லை. அப்படிப்பட்ட பாய்லரை எதிர்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. யந்திரத்தைக் கண்டால் கல்லெறிகிறவர்கள் அல்ல நாம்.

ஆனால் இப்போது 'பயோமாஸ்' என்ற பெயரில் கொண்டுவரப்படும் நிலையங்களின் பசி வேறு. கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க சுமார் ஒன்றேகால் கிலோ விறகோ, உமியோ, மட்டையோ எரிய வேண்டும். 10 மெகாவாட் நிலையம் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 2,40,000 யூனிட். அதற்கு 300 டன் எரிபொருள். பத்து டன் லாரியில் 30 லோடு. வருகிற லாரி திரும்பியும் போக வேண்டுமல்லவா? ஆக 60 நடை. இது ஒரு நாளைக்கு! கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். தண்ணீரைக் கொண்டு குளிர்விக்கும் ஏற்பாடாக இருந்தால் தினமும் பல லட்சம் லிட்டர் நீர் வேறு வேண்டும். ஆழக் குழாய் இறக்கினால் உப்புத் தண்ணீர் ஏறுகிற கடற்கரை இது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த 300 டன் எங்கிருந்து வரும்? கழிவிலிருந்து வரும் என்கிறார்கள். வைக்கோல் கழிவு, கடலைப் பொட்டு கழிவு, தென்னை மட்டை கழிவு, சீமைக் கருவேலம் கழிவு! யாருக்குக் கழிவு? வைக்கோல் மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. மட்டையும் பாளையும் கருவேலஞ்சுள்ளியும் ஏழை வீட்டு அடுப்புக்குப் போகின்றன. காஸ் சிலிண்டர் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது. அது காலியான பிறகு மறு சிலிண்டருக்குக் காசில்லாத வீட்டில் எது எரிகிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். ராமநாதபுரம் சீமையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் கஞ்சி குடிக்கின்றன. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் 'கழிவு' என்று எழுதப்படுவது நம் வீட்டில் பண்டம். இன்று சும்மா கிடைக்கும் சுள்ளிக்கு நாளைக்கு டன் கணக்கில் விலை வைத்து ஏஜெண்டு வருவான். கண்மாய்க் கரையில் முள் வெட்டும் பெண்ணைத் திருடி என்பான்.

சில நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். சீமைக் கருவேலம் நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறதே, அதை ஒழிக்க இதைவிட நல்ல வழி உண்டா என்று. நியாயமான கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கண்மாய்க்குள் இருக்கும் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்பதில் மாறுபாடே இல்லை. ஆனால் யோசியுங்கள். இருபது வருஷம் ஓட வேண்டும் என்று கடன் வாங்கிக் கட்டிய பாய்லர், விறகு தீர்ந்துபோவதை விரும்புமா? வேரோடு பிடுங்கினால் அதற்கு நஷ்டம், மேலோடு வெட்டி மறுபடி துளிர்க்க விட்டால் லாபம். கருவேலம் போதாமற் போனால் தைல மரமும் சவுக்கும் நடச் சொல்லும். தைல மரக் காடுகளால் நிலத்தடி நீர் வற்றுகிறது என்று புதுக்கோட்டை மாவட்டத்து விவசாயிகள் எத்தனை வருஷமாகக் கூப்பாடு போடுகிறார்கள்! கஜா புயல் 2018 நவம்பரில் தென்னைகளைச் சாய்த்தது. அப்போது விறகு மலைபோலக் கிடந்தது. ஆனால் புயலில் விழுகிற மரம் ஒரு தடவைதான் விழும். பாய்லர் ஒவ்வொரு நாளும் கேட்கும்.

அடுத்தது புகை. விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத தூசி இருக்கிறது. தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கில் நிற்காது, நேரே நுரையீரலுக்குப் போகும். அதைப் பிடிக்கப் பை வடிகட்டிகளும் மின்சார வடிகட்டிகளும் உண்டு. அவை வேலை செய்யும். ஆனால் அவற்றை வாங்கவும் காசு வேண்டும், தினமும் ஓட்டவும் காசு வேண்டும். எரிபொருள் விலை ஏறும்போது முதலாளி முதலில் கை வைப்பது எதில்? ஏற்கெனவே தமிழ்நாட்டில் பல பயோமாஸ் நிலையங்கள், எரிபொருள் விலை கட்டவில்லை என்று மூடிக் கிடந்தன. அப்படி இடுக்கில் மாட்டிய கம்பெனி ராத்திரி நேரத்தில் வடிகட்டியை நிறுத்தினால் யார் போய்ப் பார்ப்பது?

இந்தக் கரையில் மணலில் கருவாடு காய்கிறது. வாடை வீசினால் ஒரு பக்கம், சோழகம் வீசினால் ஒரு பக்கம் கரித்தூள் விழும். கரி படிந்த கருவாட்டை வியாபாரி என்ன விலைக்குக் கேட்பான்? இலங்கைக் கடற்படையிடம் படகைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற வீட்டில், கருவாட்டுக் கூடையை வைத்துத்தான் பெண்கள் குடும்பத்தை நடத்துகிறார்கள். நஷ்ட ஈட்டுக் கணக்கில் இந்தக் கூடை எந்தக் காலத்திலாவது வந்ததுண்டா?

இது பசுமை மின்சாரம், மரம் மறுபடி முளைக்கும், ஆகவே பூமி சூடேறாது என்கிறார்கள். மரம் எரிவது ஒரு மணி நேரத்தில். அந்தக் கரியை மறுபடி உறிஞ்சும் அளவுக்கு மரம் வளரப் பல பத்தாண்டுகள். 2018 ஜனவரியில் சுமார் 800 விஞ்ஞானிகள் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குக் கடிதம் எழுதி, எரிப்பதற்கென்றே மரத்தை வெட்டுவதைப் பசுமைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். உண்மையான மிச்சத்தை, உமியையும் மரத்தூளையும், உபயோகிப்பது வேறு என்றும் அவர்களே பிரித்துச் சொன்னார்கள். நெல் ஆலையைப் பற்றி நான் முதலில் சொன்னதும் அதுதான்.

நம்மைப் போன்ற ஏழை ஜனங்கள் இதை எதிர்த்து நின்ற ஒரு கதை உண்டு. ஊர் வெகு தூரத்தில் இருக்கிறது, அமெரிக்காவில். மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று பெயர். கறுப்பு மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் நிறைந்த நகரம். ஆஸ்துமாவின் தலைநகரம் என்று அந்த நாட்டு ஆஸ்துமா சங்கமே 2018-லும் 2019-லும் அதற்குப் பட்டம் சூட்டியது. அங்கே 2008-ல் ஒரு கம்பெனி 35 மெகாவாட் மரம் எரிக்கும் நிலையம் கட்டக் கிளம்பியது. இடித்த கட்டிடங்களின் மரத்தை எரிப்போம் என்றது முதலில். ஜனங்கள் எதிர்த்ததும், இல்லையில்லை, சுத்தமான மரச் சீவல்தான் என்று பேச்சை மாற்றியது. நாளொன்றுக்கு 1,200 டன்! ஏழை மக்களின் சங்கங்கள் விடவில்லை. டாக்டர்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். 2011-ல் நகர சபை தான் கொடுத்த அனுமதியைத் தானே வாபஸ் வாங்கியது. அதே ஆண்டில் மாகாண சர்க்கார் இலாகா காற்று அனுமதியைக் கொடுத்தது. வழக்கு, மேல் வழக்கு என்று பத்து வருஷம் ஓடிற்று. கடைசியில் 2021 ஏப்ரல் 2-ம் தேதி, அனுமதி கொடுத்த அதே இலாகா அதை ரத்துச் செய்தது. கம்பெனி கட்டிட வேலையை உரிய காலத்தில் தொடங்கவில்லை, மக்களின் ஆரோக்கியமும் பாதிக்கப்படும் என்று காரணம் காட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே ஜனங்கள் எழுந்து நின்று பேச ஒரு சபை இருந்தது. இங்கே?

நம் நாட்டில் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு இருக்கிறது. பெரிய நிலையம் என்றால் ஆய்வு அறிக்கை, பொது மக்கள் கருத்துக் கேட்பு எல்லாம் உண்டு. ஆனால் அதற்குப் பின் வந்த திருத்தங்களின்படி, பயோமாஸை எரிக்கும் 15 மெகாவாட் வரையிலான மின் நிலையங்களுக்கு அந்த நடைமுறையிலிருந்தே விலக்கு. துணை எரிபொருள் என்ற பெயரில் 15 சதம் வரை நிலக்கரியும் போட்டுக்கொள்ளலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும், அவ்வளவுதான். அந்த இசைவுக்கு ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறகு எந்த முட்டாள் முதலாளி 16 மெகாவாட்டுக்கு மனுப் போடுவான்?

நமக்குத்தான் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது. அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 2017 பிப்ரவரியில் நம் மாவட்டத்து நெடுவாசல் ஜனங்கள், ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்தார்கள். பந்தலுக்குச் சோறு ஊர் ஊராக வந்தது. மாதக் கணக்கில் நடந்தது அந்தப் போராட்டம். டெல்டா முழுவதும் கிளம்பிய அந்த எதிர்ப்பின் பலனாக 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள் அதில் அடங்கும்: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. எண்ணெய், எரிவாயுக் கிணறு கூடாது. தாமிர உருக்காலை கூடாது. தோல் பதனிடும் ஆலை கூடாது. நல்லது. ஆனால் தடை செய்யப்பட்ட தொழில்களின் அந்தப் பட்டியலில் பயோமாஸ் பாய்லர் இல்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட வீடு போலத்தான் இருக்கிறது நிலைமை.

வேலை கிடைக்குமே என்ற பேச்சும் வரும். கிடைத்தால் வேண்டாம் என்று தொழிலாளி சொல்வானா? எத்தனை பேருக்கு, நிரந்தரமா, காண்ட்ராக்டா என்றுதான் கேட்கிறோம். நெய்வேலியில் 2020 மே மாதம் 7-ம் தேதி ஒரு பாய்லர் வெடித்தது. ஜூலை 1-ம் தேதி இன்னொன்று. ஜூலை வெடிப்பில் அன்றைக்கே 6 பேர் மாண்டார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக இன்னும் பலர். மாண்டவர்களில் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் எத்தனை பேர்! பொதுத்துறை ஸ்தாபனத்திலேயே இந்தக் கதி. சங்கம் வைக்க விடாத தனியார் பாய்லருக்கு முன்னால் நம் பிள்ளைகளை நிறுத்துமுன் யோசிக்க வேண்டாமா?

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டிய காரியம் இது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அடுத்து வருகிற சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எத்தனை மெகாவாட்டாக இருந்தாலும் ஊரைக் கூட்டிக் கேட்காமல் அனுமதி கூடாது. வேளாண் மண்டலச் சட்டத்தின் பட்டியலில் விறகு எரிக்கும் மின் நிலையத்தையும் சேர்க்க வேண்டும். இந்த இரண்டும் போதும். அதோடு கேள்விகளையும் எழுதி வையுங்கள். விறகு எந்த ஊர்களிலிருந்து, என்ன விலைக்கு? தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து? வடிகட்டி ஓடுகிறதா என்று ராத்திரியில் வந்து பார்க்கும் உரிமை ஊருக்கு உண்டா? உமி எரித்தால் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல் மிஞ்சும், அதை எங்கே கொட்டுவார்கள், கண்மாயிலா, கடலிலா? தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றியது நிச்சயம்தானா என்று பார்த்து, நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வாருங்கள். மீனவர் சங்கத்தில் ஒன்று, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஒன்று இருக்கட்டும்.