மருத்துவரின் கட்டைவிரல்

 

நமது சங்கத்தின் உதவியால் பயின்று மருத்துவரான என் பழைய மாணவர் ஒருவர், சென்ற கோடையில் என் இல்லத்திற்கு வந்திருந்தார். காப்பித் தம்ளரை இடக்கையால் எடுத்தவர், கட்டைவிரல் வலி பொறாமல் கீழே வைத்துவிட்டார். நாள்தோறும் எண்டாஸ்கோப்பி செய்பவர் அவர். "யாரிடமும் சொல்லவில்லை ஐயா, வேலை தெரியாதவன் என்று எண்ணிவிடுவார்கள்" என்றார். அச்சொல்லே என்னை இன்று பேச வைத்தது.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர், வளைந்து கொடுக்கும் கண்ணாடி இழைக் குழாயால் இரைப்பையின் உட்புறத்தைக் காண வழி செய்தார். அந்நாளில் மருத்துவர் குனிந்து, குழாயின் முனையில் கண்ணை வைத்தே நோக்க வேண்டும். 1980களில் படம் திரைக்கு வந்தது. கழுத்திற்கு விடுதலைதான், ஆயினும் திரையை எங்கோ உயரத்தில், ஒரு பக்கமாக மாட்டிவிட்டால் விடுதலை ஏது?

கைகளின் பாடோ மாறவேயில்லை. இடக்கை கருவியின் தலைப்பகுதியைத் தாங்குகிறது. அக்கையின் கட்டைவிரலே இரு சக்கரங்களையும் திருப்புகிறது. வலக்கை குழாயைத் தள்ளியும் முறுக்கியும் செலுத்துகிறது. பிடியின் அளவோ பெரிய கைக்கும் சிறிய கைக்கும் ஒன்றே! பெண் மருத்துவர் பலர் இதனால் கூடுதலாக வருந்துகின்றனர். எட்டாத சக்கரத்திற்கு வலக்கையைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். அது திறமைக் குறைவன்று.

திரை நேர் எதிரே, கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருத்தல் வேண்டும். கட்டில் முழங்கை உயரத்தில், அல்லது அதற்கு 10 செ.மீ. வரை தாழ்ந்து அமைதல் நன்று. காலடியில் மெத்தென்ற விரிப்பும், இடையிடையே சிறு ஓய்வும் தேவை. அமெரிக்க எண்டாஸ்கோப்பிக் கழகம் 2023இல் வெளியிட்ட நெறிமுறையும் திரை, கட்டில், விரிப்பு, ஓய்வு என இவற்றையே வற்புறுத்துகிறது. எக்ஸ்ரே துணையுடன் செய்யும்போது அணியும் ஈய அங்கியை மேல், கீழ் என இரு துண்டாக அணிந்தால், தோளின் பாரத்தில் ஒரு பங்கு இடுப்பிற்கு இறங்கும்.

பல்லாண்டு தலைக்கு மேல் கையுயர்த்திக் கரும்பலகையில் எழுதி என் தோளும் தேய்ந்ததுதான். பலகையை ஓரடி இறக்கித் தருமாறு கேட்க எனக்குத் தோன்றவேயில்லை! என் மாணவரோ கேட்டுவிட்டார். கட்டிலை உயர்த்தும் வசதி அவ்வறையிலேயே இருந்ததாம். அவருக்கு முன் பணியாற்றிய குள்ளமான ஒருவர் வைத்த உயரத்திலேயே இத்தனை நாளும் குனிந்து நின்றிருக்கிறார். இப்போது எலும்பு மருத்துவரிடம் காட்டி, விரலுக்குப் பட்டை அணிந்திருப்பதாகவும், வலி இன்னும் முழுதும் நீங்கவில்லை என்றும் கடிதம் எழுதியுள்ளார்.