உப்புக்கண்டம்: உணவும் சொல்லும்



பத்தாம் ஆண்டு விழாவில், இலக்கிய மேடையில், மாட்டிறைச்சியை உப்பிட்டு உலர்த்துவது குறித்துப் பேசுதல் தகுமோ என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். உப்புக்கண்டம் ஓர் உணவு. ஒரு சொல்லும் ஆகும். அவ்வுணவை ஆக்கத் தெரிந்த மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைய, அவர்களோடு அதன் செய்ந்நேர்த்தியும் அதைச் சுற்றி வழங்கிய சொற்களும் மறைந்து வருகின்றன. சொற்களைப் பேணுதல் இலக்கிய வட்டத்தின் கடன் என்றால், இப்பொருளும் நம் கடனுக்கு உட்பட்டதே.

கண்டம் என்றால் துண்டம். உப்பிட்ட இறைச்சித் துண்டம் உப்புக்கண்டம். சங்க நூல்கள் உலர்ந்த இறைச்சியை வாடூன் என்று குறிக்கின்றன. வாடிய ஊன் வாடூன், மீனாயின் கருவாடு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர், எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை அகழ்ந்தெடுத்து, உரலிலிட்டுக் குற்றி, உவர்நீரில் சமைத்து, வாடூனோடு விருந்தினருக்கு அளிக்கின்றனர். வறியவர் இல்லத்திலும் வழிப்போக்கருக்கு ஈயத்தக்க உணவாக உலர்ந்த இறைச்சி இருந்தது என்பது இதனால் விளங்கும்.

நம் விழுப்புரம் மாவட்டத்திற்கு இன்னும் நெருங்கிய சான்று சிறுபாணாற்றுப்படை. அதன் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு, இன்றைய திண்டிவனம், மரக்காணம் வட்டாரமே. கிடங்கில் என்பது திண்டிவனத்தை ஒட்டிய ஊர். எயிற்பட்டினம் மரக்காணப் பகுதி என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும் அறிஞர் கூறுவர். அந்த வேலூரில் எயினர் மகளிர் பாணர்க்கு இட்ட விருந்து எது? புளியிட்ட சோறும், சுட்ட ஆமான் இறைச்சியும். ஆமான் என்பது காட்டு மாடு. ஆக, இம்மண்ணின் மிகப் பழைய நூலொன்றில் மாட்டினத்தின் இறைச்சி, மறைக்காமல், பெருமிதத்தோடு, விருந்தாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதே நூலில் உப்பு வணிகராகிய உமணரும் வருகின்றனர். மரக்காணத்து உப்பளங்களில் இன்றும் கோடை வெயிலில்தான் உப்பு விளைகிறது. அந்த வெயிலே கண்டத்தையும் உலர்த்துகிறது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். நம் பக்கத்துச் சேரிகளில் முதிய பெண்கள் இதைச் சொல்லும்போது, முதலில் கத்தியைப் பற்றியே சொல்வார்கள். கொழுப்பையும் சவ்வையும் நீக்கிவிட வேண்டும். கொழுப்பு இருந்தால் நாளடைவில் சிக்கு வாடை வரும். கறியை நார் ஓடும் போக்கில் நீளநீளமாக, விரற்கனத்திற்கு மேல் போகாமல் அரிய வேண்டும். கல்லுப்பும் மஞ்சளும், விரும்பினால் மிளகாயும் சேர்த்துப் பிசறி, மண்சட்டியில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் சட்டியின் அடியில் நீர் விட்டிருக்கும். அந்நீரை வடித்துவிட்டு, துண்டுகளைக் கோணி ஊசியால் கயிற்றில் கோத்து, கொடியில் காயவிடுவர். காக்கைக்கு ஒரு பிள்ளை காவல்; ஈக்கு மெல்லிய துணி. பனி இறங்குமுன் மாலையில் வீட்டிற்குள் எடுத்துவிட வேண்டும். நல்ல வெயிலில் நான்கைந்து நாள்கள் காய்ந்தபின், ஒன்றோடொன்று தட்டினால் விறகு தட்டினாற்போல் ஓசை வரும். அதுவே பதம்.

அதன்பின் புகை. விறகடுப்பிற்கு மேலே கட்டிய கொடியிலோ பரணிலோ அதைத் தொங்கவிடுவர். அன்றாடச் சமையலின் புகையே போதும். தனியே மூட்டம் போடுவதில்லை. பின்னர் மண்பானையில் இட்டு வாய் கட்டி வைப்பர். வேண்டும்போது வெந்நீரில் ஊறவைத்து, உப்பைக் கழுவி, அம்மியில் தட்டி வறுப்பர். கத்தரிக்காயோடும் மொச்சையோடும் குழம்பாக்குவர்.

இதில் உள்ள அறிவியல் எளிது. கொழுப்பு நீக்கிய இறைச்சியில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு நீர்தான். உப்பு அந்நீரை வெளியே இழுக்கிறது. வெயில் எஞ்சியதை வாங்கிக்கொள்கிறது. நீரின்றேல் அழுகச் செய்யும் நுண்ணுயிர் பெருகுவதில்லை. புகையிலுள்ள பினால் முதலிய பொருள்கள் மேற்பரப்பில் படிந்து, நுண்ணுயிரையும் கொழுப்பு கெடுவதையும் தடுக்கின்றன. மூன்று கிலோ கறி ஏறத்தாழ ஒரு கிலோ கண்டமாகச் சுருங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் போட்ட கண்டம், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வயலில் கூலி வேலை இல்லாத நாள்களில், குழம்புச் சட்டிக்கு வரும்.

இத்தனை நுட்பம் வாய்ந்த ஒன்றை ஏன் மறைத்தோம்? இங்கேதான் வேதனையான வரலாறு குறுக்கிடுகிறது. ஊரில் மாடு இறந்தால் அதைத் தூக்கிச் செல்வது சேரியின் கட்டாயம் என்று சாதி விதித்தது. அதற்குக் கூலியாக அந்த இறைச்சியையே காட்டியது. ஒரே நாளில் வந்து சேரும் அத்தனை இறைச்சியையும் காப்பதற்கு உப்பும் வெயிலுமே துணை. பின்னர் அதே உணவைக் காட்டி, இவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று இழித்தும் பேசியது. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சு மாதம் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். மாட்டிறைச்சிக்கும் தீண்டாமையின் தோற்றத்திற்கும் உள்ள தொடர்பை 1948-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவர் கைவிடச் சொன்னது அடிமைத்தனத்தின் கூலியை. அந்தக் கைவிடுதல் விடுதலையின் முதற்படி.

ஆயினும் நண்பர்களே, கூலியையும் கைத்திறனையும் நாம் பிரித்தறிய வேண்டும். செத்த மாட்டைச் சுமக்கவைத்தது சாதி. கறியை நார் போக்கில் அரியக் கற்பித்தது சாதியன்று. அது நம் தாய்மாரின் அறிவு. சந்தையில் தம் உழைப்பின் காசு கொடுத்து வாங்கிய நல்ல இறைச்சியையும் அவர்கள் அதே திறத்தோடுதான் உலர்த்தினர். பிள்ளைகள் படித்து வெளியூர் விடுதிக்குப் போனபோது, வீட்டுக் குழம்பின் பெயரைச் சொல்லத் தயங்கினர். மாட்டுக்கறி என்ற நேரான சொல் ‘பெரிய கறி’ என்று மறைசொல் ஆயிற்று. உப்புக்கண்டத்தைப் பறிகொடுத்தவள் வெளியே சொல்லவும் முடியாமல் தவித்ததாகத் தமிழில் ஒரு பழமொழி உண்டு. புலால் உண்ணாதவளாகக் காட்டிக்கொள்பவளைக் கேலி செய்யப் பிறந்த மொழி அது. நம் நிலையும் அதுவே ஆகிவிட்டது. ஒரு செல்வத்தை இழந்துகொண்டிருக்கிறோம். இழந்ததாகச் சொல்லவும் நாணுகிறோம்.

உலகம் இதற்கு நாணவில்லை. தென் அமெரிக்க ஆண்டிசு மலைமக்களின் கெச்சுவா மொழிச் சொல்லாகிய ‘சார்க்கி’ ஆங்கிலத்தில் ‘ஜெர்க்கி’ ஆகி, இன்று அங்காடிகளில் உறையிட்டு விற்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் ‘பில்டாங்’ அந்நாட்டின் அடையாளமாகவே போற்றப்படுகிறது. அண்டையிலுள்ள கேரளத்து மலைநாட்டில் மாட்டிறைச்சியை உப்பிட்டு, அடுப்பின் மேல் புகையில் உலர்த்தி, இடித்து வறுக்கும் ‘இடியிறச்சி’ உணவகங்களிலும் பெயர் பெற்றுள்ளது. மராட்டியத்தில் ஷாகு பட்டோளே, மராத்வாடாத் தலித் மக்களின் சமையலை 2015-இல் நூலாக்கினார். அது 2024-இல் ஆங்கிலத்திலும் வந்தது. நம் வட்டாரத்துச் சமையலுக்கும் அத்தகைய நூல் வேண்டும்.

பழமை என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப்பிடிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. எரிவாயு அடுப்பு வந்ததால் புகை போயிற்று. புகைத்த கண்டமும் போயிற்று. பெண்களின் நுரையீரலுக்கு அது நன்மையே. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி மிகுந்தால் புற்றுநோய்க்கு இடமுண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்துள்ளது. குருதி அழுத்தம் உள்ளோர் உப்பை அஞ்சத்தான் வேண்டும். ஆதலால் நாள்தோறும் உண்ணுங்கள் என்பது என் வேண்டுகோள் அன்று. எழுதி வையுங்கள் என்பதே வேண்டுகோள்.

இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் ஒரு பணியை மேற்கொள்ளட்டும். முகையூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எழுபது வயது கடந்த தாய்மாரிடம் நம் இளைஞர்கள் ஏட்டோடு செல்லட்டும். கறியின் ஒவ்வொரு பகுதிக்கும் அவர்கள் வழங்கும் பெயர், பதம் பார்க்கும் முறை, எந்த விறகின் புகை ஆகும், எது ஆகாது, யார் யாருக்குப் பங்கு போயிற்று என்ற கணக்கு, கூலியாகப் பெற்ற நாளின் துயரம், காசு கொடுத்து வாங்கிய நாளின் நிறைவு ஆகிய அனைத்தையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். அவமானத்தின் வரலாற்றையும் அறிவின் வரலாற்றையும் ஒரே ஏட்டில் எழுதினால்தான் இரண்டும் உண்மையாகும்.

நல்லியக்கோடன் நாட்டில் நத்தத்தனார் எயினர் வீட்டு உணவைப் பாடத் தயங்கவில்லை. அவர் வழிவந்த நாம், நம் வீட்டு உணவின் பெயரை உரத்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.